உறைமோர்

மாட்டுக்கு வயிற்றில் நான்கு அறை.
தோரா ஓவர்கோரின் பண்ணையில் ஐந்து.
ஐந்தாவது, கொட்டிலுக்குப் பின்னால்
பச்சை ரப்பர்க் கூரை உப்பி நிற்கும் தொட்டி.
முன்னூற்று நாற்பது மாடுகளின் சாணம்
காற்றுப் படாமல் அதில் நாற்பது நாள் கிடக்கும்,
கொதிக்காமல், புகையாமல்,
வெறும் உடல்சூட்டில்.
பிறகு பதினெட்டு வீடுகளிலும் ஒரு பாலர் பள்ளியிலும்
சுவர்க்குழாய்கள் சுடும்.

டென்மார்க், பிப்ரவரி.
கடல்காற்று வேலிக்கம்பியைக் கூட
ஊளையிட வைக்கும் மாதம்.

தொட்டிக்குள் இரண்டு கூட்டம்.
புளிக்க வைப்பவை அவசரக்காரர்கள்:
தின்று, பெருகி, இன்னும் எங்கே என்பவை.
வாயு செய்பவை மெல்லத் தின்பவை.
முன்னவர் விட்ட புளிப்புதான் சாப்பாடு,
அதுவே மிஞ்சினால் சாவு.
(எனக்குச் சில கூட்டுக்குடும்பங்கள்
ஞாபகம் வருகின்றன. போகட்டும்.)

மீன் ஆலைக்காரன் கழிவைச் சும்மா தந்தான்.
சும்மா கூட இல்லை, வாங்கிக்கொள்ளக் காசும் தந்தான்.
முதல் லோடில் கூரை இன்னும் உப்பியது.
இரண்டாவதில் தோரா
புது டிராக்டரின் விலை விசாரித்தாள்.
மூன்றாவதில் தொட்டிக்கு
வயிறு மந்தம்.

அளவுக்கருவி ஆறு புள்ளி ஒன்று என்றது.
என்ஜின் இருமியது, நின்றது.
சுண்ணாம்பு கொட்டினாள். பட்டினி போட்டாள்.
இரவெல்லாம் கிளறும் துடுப்பின் சத்தம் கேட்டபடி
கம்பளிக்குள் விழித்துக் கிடந்தாள்.

"நல்ல தொட்டியின் கரைசல் வேண்டும்,"
தொலைபேசியில் நிபுணர்.
"பக்கத்தில் யாரிடம் இருக்கிறது?"

பக்கத்தில் பல்லே க்ரோ.

பதினோரு வருஷம் முன்பு ஒரு வடிகால்.
அவன் கம்பு வயலில் தண்ணீர் நின்றது.
வழக்கில் அவள் ஜெயித்தாள்.
அதே வருஷம் அவனும் தொட்டி கட்டினான்,
அவளுடையதைவிட ஒரு முழம் உயரமாக.
அன்றிலிருந்து எதிரெதிர் டிராக்டரில்
இருவரும் சாலையை மட்டும் பார்ப்பார்கள்.

அவள் போன் செய்யவில்லை.
ஊறுகாய் பாட்டிலில் தன் தொட்டிக் கரைசலை அடைத்து
நேரே போய்க் கதவைத் தட்டினாள்.
அவன் மூடியைத் திறந்தான். மோந்தான்.
"மீன்," என்றான்.
"மீன்தான்."
பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு.

"எத்தனை?"
"மூணு லோடு."
"மூணு காணாது. ஏழு."

மாலை ஐந்துதான், இருட்டிவிட்டது.
விளக்கு வைத்த பிறகு
உறைமோர் கொடுக்கக்கூடாதென்று
அந்த ஊரில் சொல்ல யாருமில்லை.

பனியில் ஏழு நடை.
சாணிப்பால் என்று நாம் சரியாகத்தான்
பெயர் வைத்திருக்கிறோம்:
குழாய் வாயில் ஆவி பறக்க
வெதுவெதுப்பாக இறங்கியது.
அவன் குழாய் எட்டு அங்குலம், அவள் குழாய் ஆறு.
டிராக்டர் இருக்கைக்கு அடியிலிருந்து
இணைப்பு வளையம் ஒன்றை எடுத்தான்.
புதிது. விலைச்சீட்டு கூடக் கிழியவில்லை.
சீட்டில் மங்கிய தேதி.
அவள் படித்தாள். கேட்கவில்லை.

எட்டு நாள் ஒன்றுமில்லை.
ஒன்பதாம் நாள் காலை
கூரை லேசாக மூச்சு வாங்கியது.
சுடர்க்குழாயில் வைத்த நெருப்பு
தடுமாறி, நீலமாகி, நின்றது.

பாலர் பள்ளியில் மால்டே என்ற பொடியன்
புழுக்கம் என்று ஸ்வெட்டரைக் கழற்றி வீசினான்.
ஊரில் வெளியே தெரிந்தது அவ்வளவுதான்.

வடிகால் அங்கேயேதான் இருக்கிறது.
தீர்ப்பும்.
ஆனால் தோரா சிலசமயம்
தொட்டிச் சுவரில் உள்ளங்கை வைத்து நிற்கிறாள்,
உள்ளே வேலை செய்வது
யாருடைய ஆட்கள் என்று
பிரித்தறிய முடியாமல்.

சாலையில் எதிரே வரும்போது
பல்லே ஸ்டியரிங்கிலிருந்து
ஒரு விரலைத் தூக்குகிறான்.
ஒன்றுதான்.