இடது முழங்கால்

எங்கள் வீட்டில் எந்த மூடியும் இறுக்கமாக இராது.
ஜாம் புட்டி, பற்பசை, ஊறவைத்த வெள்ளரி,
எல்லாவற்றையும் அரைத் திருகு தளர்த்திவிட்டுத்தான்
அப்பா படுக்கப் போவார்.
வில்யா கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை.
ஒருநாள் மூடியைப் பிடித்து ஜாடியைத் தூக்கினேன்,
தரையெல்லாம் காட்டுப்பழச் சிவப்பு.
திட்டு எனக்குத்தான்.

கெமியில் ஜனவரி மாதம் பத்தரைக்கு மேல்தான் விடியும்.
அக்கா ஆறுக்கே எழுந்தாக வேண்டும்,
எட்டு மணிக்காவது விரல்கள் பேச்சைக் கேட்பதற்கு.
குளியலறையில் வெந்நீர் ஓடிக்கொண்டே இருக்கும்.
கதவுக்கு வெளியே அம்மா:
"பத்துக்கு எத்தனை?"
"மூன்று."
எப்போதும் மூன்று.
மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்தே
இறங்கி வந்த நாளிலும் மூன்று.
அதை நாட்காட்டியில் எழுதிவைப்பாள் அம்மா,
நம்பாமல், அழகான கையெழுத்தில்.

புதன்கிழமை ஊசி.
மருந்து மஞ்சள். அதைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும்.
அதனால் வீட்டில் மஞ்சள் தட்டு இல்லை,
எலுமிச்சைச் சாறு இல்லை,
என் மழைக்கோட்டுகூடப் பக்கத்து வீட்டு ஊர்ஹோவுக்குப் போயிற்று.

எனக்கு ஒன்பது வயது.
பனிச்சறுக்கில் நான்காவதாக வந்த அன்று
எல்லோரும் ஊலு மருத்துவமனையில் இருந்தார்கள்,
அவள் முழங்காலில் கட்டிய நீரை வடிக்க.
மறுநாள் கஞ்சித் தட்டைப் பார்த்தபடி சொன்னேன்:
"எனக்கும் முழங்கால் வலிக்கிறது."

கரண்டிகள் நின்றன.
அம்மா மண்டியிட்டு என் காலைப் பிடித்தாள்.
கட்டைவிரல்களால் சுற்றிச் சுற்றி அழுத்தினாள்,
சூடு தேடினாள், வீக்கம் தேடினாள்.
அவ்வளவு நேரம் என்னை அவள் தொட்டு
எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.
அவள் கை நடுங்கியது.
அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்,
அங்கே இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை.
"எத்தனை?"
"மூன்று" என்றேன்.

வில்யா என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

இரவு, கீழ்க்கட்டிலிலிருந்து:
"எந்தக் கால்டா?"
"இடது."
"இடது என்னுடையது. நீ வேறே பார்த்துக்கொள்."
போர்வையைக் கடித்துக்கொண்டு சிரித்தோம்.
சற்று நேரத்தில் அவள் சிரிப்பு வேறொன்றாக மாறியது.
தூங்குவதுபோல் கிடந்தேன்.
அதுதான் மரியாதை என்று நினைத்தேன் அப்போது.

இப்போது தாம்பரேயில் தனியாக இருக்கிறாள்.
ஞாயிறுதோறும் போனில் கேட்கிறேன், எத்தனை?
சில வாரம் ஐந்து. சில வாரம் ஏழு.
போன வாரம் எண்ணே சொல்லாமல்
ஒரு ஜாடியைத் திறக்க முடியவில்லை என்று
கெட்ட வார்த்தையில் திட்டினாள், நீளமாக,
நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அம்மாவுக்கு இன்னும் மூன்றுதான்.