கிழித்த கோடு

முன்கண்ணாடிக்கு மேலே ஒரு காமிரா.
சாலையில் விட்டுவிட்டு வரைந்த
இரண்டு வெள்ளைக் கோடுகள் தவிர
வேறெதையும் பார்க்காது அது.
ஆரஞ்சு மரம் தெரியாது. கடல் தெரியாது.
கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை.

நிறுத்தம் நெருங்க நெருங்க
ஸ்டீயரிங் தானே திரும்பும்.
தொடாமல், ஆனால் தொடும் தூரத்தில்
என் கைகள் அதன்மேல் காத்திருக்கும்,
அடுத்தவர் குழந்தை நடை பழகும்போது
நாம் கை நீட்டி நிற்போமே, அப்படி.

நடைமேடைக்கும் படிக்கும் நடுவே
இரண்டு விரல் இடைவெளி.
சக்கர நாற்காலி ஏறும், தள்ளுவண்டி ஏறும்,
மதிய ஷிப்டுக்குப் போகும் ஓட்டுத் தொழிற்சாலைக்காரர்
செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல் ஏறுவார்.
யாரும் குனிந்து பார்ப்பதில்லை.
பார்க்காமல் ஏறலாம் என்பதற்காகத்தான்
இத்தனை செலவு.

தலைக்கு மேல் இரண்டு கம்பி,
சக்கரத்துக்கு முன் இரண்டு கோடு,
நடுவில் நான் என்றேன் ஒருநாள்.
"அப்புறம் உனக்கெதற்குச் சம்பளம், எங்கிராசியா?"
என்றார் கணவரின் அண்ணன்.
மேசையில் எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

மருந்துக்கடைக்கு எதிரே
வண்டி லேசாக நெளியும்.
தினமும். ஒவ்வொரு நடையிலும். அதே இடத்தில்.
டயரைக் கழற்றினார்கள், அச்சைத் தட்டினார்கள்,
மென்பொருளைக் கேட்டார்கள். அது
தன்மேல் குற்றமில்லை என்றது.

கடைசி நடை முடிந்த ஓர் இரவு
இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன்.
வலப்பக்கக் கோடு
மூன்று துண்டு நீளத்துக்கு
நாலு விரல் விலகி,
வெட்கப்பட்டு மீண்டும் வரிசைக்கு வந்திருந்தது.
இயந்திரத்தின் பிழை இப்படி இருக்காது.
இது இடுப்பின் பிழை.

விசாரித்ததில் பெயர் கிடைத்தது: வியோரிகா.
ருமேனியாக்காரி, இரவுக் கும்பலில்
பெயின்ட் வண்டியைத் தள்ளுகிறவள்.
பெட்ரோல் பங்க் காபி இயந்திரத்தருகே பிடித்தேன்.
கையிடுக்கிலெல்லாம் வெள்ளை.
யோசித்தாள். "ஓ, அதுவா," என்றாள்,
"ஒரு பூனை.
ஈரக் கோட்டில் கால் வைக்கப் பார்த்தது."

கோடு போட்டால் ரோடு போடுவான் என்பார்கள்
கெட்டிக்காரனை.
இங்கே ஒருத்தி ரோட்டில் போட்ட கோட்டில்
ஒரு பூனை ஒதுங்கியதற்காக
பதினெட்டு டன் ஒதுங்கிப் போகிறது,
காலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை,
மின்சாரத்தோடு, மரியாதையோடு.

அக்டோபரில் மழை வந்தது.
இங்கே மழை பெய்வதில்லை, கவிழும்.
சாலை முழுக்கப் பழுப்புக் கண்ணாடி.
காமிரா தேடியது, தேடியது,
இரண்டு முறை கீச்சிட்டது.
இனி உன் பாடு.

பிடித்தேன். ஸ்டீயரிங் எவ்வளவு கனம்!
துடைப்பான்கள் தோற்றுக்கொண்டிருந்தன.
கோடும் இல்லை, ஓரமும் இல்லை,
மனப்பாடமாய் ஓட்டினேன்.
மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை
தண்ணீருக்குள் மினுங்கியபோது
என் கைகள்
என்னைக் கேட்காமல்
நாலு விரல் இடப்பக்கம் போய் வந்தன.

வசந்தத்தில் எல்லாவற்றையும் சுரண்டி
புதிதாய், நூல் பிடித்ததுபோல் வரைந்தார்கள்.
வியோரிகாவா, வேறு யாரோவா, தெரியாது.

முதல் நாள், காலை எட்டு பத்து.
வண்டி நேராகப் போனது.
உள்ளே
நின்றிருந்த நாற்பது பேரும்
மருந்துக்கடைக்கு எதிரே
ஒன்றாக ஒருபக்கம் சாய்ந்தார்கள்,
காபிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி,
கம்பியை இறுக்கியபடி, ஒன்றுமில்லாததற்கு.
பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது எனக்கு.
பூனையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்,
மைக் கையருகேதான் இருந்தது.

அடுத்த நிறுத்தம், பூங்கா என்றேன்.