தீர்வை ரசீதின் பின்பக்கம்

குடைத்துணியில் சுற்றியிருந்தது.
ஒரு கிரயப் பத்திரம், ஏழு தீர்வை ரசீது,
ஞானஸ்நானச் சீட்டு ஒன்று;
பெயர் இருந்த இடத்தில் கரையான்.

நரிப்பையூருக்கு வந்த வருஷம்
யேசுவடியான் எழுதி வாங்கிய நான்கெல்லை:
வடக்கே மாசானமுத்து விடிலி,
மேற்கே வண்டிப்பாதை,
தெற்கே சமுத்திரம்,
கிழக்கே யாரும் இல்லை.

ரசீதின் முதுகில் பென்சில்:
'முதல் கிணறு உப்பு.
ரெண்டாவதும்.
அன்னப்பழம் ராத்திரி முழுக்கப் பேசவில்லை.
மூணாவது, ஆறு முழத்தில்'
அந்த மடிப்பில் தாள் விட்டுப்போயிருக்கிறது.

சாயல்குடி ஜெராக்ஸ் கடையில்
"பின்பக்கமுமா?" என்றான் பையன்.
வாசலில் குடிதண்ணீர் கேன்
இறங்கிக்கொண்டிருந்தது.

முன்பக்கம் ஒன்று போதும், வக்கீலுக்கு.
பின்பக்கம் நாலு எடு தம்பி,
எதிர்வாதி அண்ணன்மார் மூணு பேருக்கும் சேர்த்து.