வலைநூல் முடிச்சு

என் கையில் ஒரு கடிகாரம் கொடுத்திருந்தார்கள்.
வீட்டுக்கு ஐந்து நிமிடம்.
அதற்கு மேல் ஒரு நொடி தரவும்
எனக்கு அதிகாரமில்லை.

ஐஸ்லாந்தின் தென்கரையில்
நிலத்துக்கு அடியில் தீ நகர்வதாகக்
கருவிகள் சொல்லிக்கொண்டிருந்தன.
தெருவின் குறுக்கே ஒரு விரிசல்;
அதிலிருந்து ஆவி,
கீழே யாரோ உலை வைத்ததுபோல்.

முதல் வீட்டில் ஹால்பெரா
பாஸ்போர்ட்டை மேசையிலேயே விட்டுவிட்டுத்
திரைச்சீலைகளைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.
“போன வாரம்தான் தைத்தேன்.”
அடுத்த வீட்டுக்காரர்
காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்,
குழாய் சொட்டுகிறதா என்று இருமுறை பார்த்தார்,
வெறுங்கையோடு வெளியே வந்தார்.
உறைபெட்டியிலிருந்த பாதி ஆட்டைத்
தோளில் தூக்கி வந்தவரும் உண்டு.
நான் எதை எடுப்பேன் என்று
என் வீட்டை நினைத்துப் பார்த்தேன்.
மூன்றாவது நிமிடத்திலும்
ஒற்றைச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எய்விந்துர் உள்ளே போனதும்
இழுப்பறைகள் திறக்கும் சத்தம்.
ஒன்று. இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை.
“என்ன தேடுகிறீர்கள்?”
“வாசல் கதவின் சாவி.”

முப்பத்தொரு வருடமாகப் பூட்டாத கதவு.
மீன் கொண்டுவருபவர் தானே திறந்து
உள்ளே வைத்துவிட்டுப் போவார்.
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சறுக்குப்பலகையைக்
கேட்காமல் எடுப்பார்கள், கேட்காமல் வைப்பார்கள்.
பூட்டுவது என்றால் அந்த ஊரில்
ஒருவரைச் சந்தேகப்படுவது;
யாரை என்று சொல்லியாக வேண்டும்.

இப்போது ஊரில் யாருமில்லை,
அதனால்தான் பூட்ட வேண்டும் என்றார்.

தீக்குழம்பு சாவி கேட்குமா என்பது
நாக்கு நுனி வரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

பிஸ்கட் டப்பாவை மேசையில் கொட்டினார்.
விற்றுவிட்ட படகின் சாவி.
இடித்துவிட்ட பள்ளியின் சாவி.
எந்தப் பெட்டிக்கென்றே தெரியாத குட்டிச் சாவி.
பிரிந்துபோன ஸ்டெய்னுன்
மிதிவண்டிக்கு வாங்கிய பூட்டின் சாவி, பூட்டு இல்லாமல்.
ஒவ்வொன்றாகத் துளையில் வைத்துப் பார்த்தார்.
நான்காவது நிமிடம்
வீடு ஒருமுறை சிலிர்த்தது,
ஈ உட்கார்ந்த மாட்டு முதுகுபோல்.
அலமாரியில் தட்டுகள் முணுமுணுத்தன.

“எய்விந்துர், நேரம்.”

கோட்டுப் பையிலிருந்து பச்சை வலைநூல் எடுத்தார்.
கைப்பிடியையும் சுவர்க் கொக்கியையும்
சேர்த்துக் கட்டினார்.
கடல் இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு.
யாரும் விரலாலேயே அவிழ்க்கலாம்,
கத்தி இருந்தால் அந்தச் சிரமமும் இல்லை.
“தெரியும்” என்றார் என் முகத்தைப் பார்த்து.
“அவிழ்த்தவனுக்கு இதே மாதிரி
திரும்பக் கட்ட வராது.
வந்தான் என்றாவது எனக்குத் தெரியும்.”

வண்டியில் ஏறும்போது மடியில்
அந்த பிஸ்கட் டப்பா மட்டும்.

குளிர்காலம் முழுக்க எனக்கு இரவுக் காவல்.
கடைத்தெருவில் ஒரு ஜன்னலை உடைத்து
மது பாட்டில்களை அள்ளிப் போயிருந்தார்கள்.
வீடுகளின் பின்பக்கம் போக அனுமதியில்லை.
வாசலில் நின்று டார்ச் அடிப்பேன்.
முடிச்சின் மேல் பனி.
ஏட்டில் எழுதுவேன்:
பதினேழாம் எண், மாற்றமில்லை.

மே மாதம் அவரை அழைத்துப் போனேன்.
தீ அந்தத் தெருவுக்கு வரவேயில்லை.
நிலம் மட்டும் வந்து போயிருந்தது.
பின்சுவர் மொத்தமும்
தோட்டத்தில் மல்லாந்து கிடந்தது.
சமையலறை அடுப்புக்கு மேலே
கடல் தெரிந்தது.
திருடுபோனது ஒன்றுமில்லை.
கதவு அப்படியே மூடியிருந்தது.

சுற்றிப் போய்ப் பார்த்தார்.
நேராக உள்ளே நடந்துவிடலாம்,
ஒரு எட்டு வைத்தால் போதும்.
அவர் திரும்பி வாசலுக்கு வந்தார்.
கையுறையைக் கழற்றினார்.
நூல் உப்பிலும் பனியிலும் கல்லாகியிருந்தது.
நகம் கொடுத்தார், பல் கொடுத்தார்.
கத்தி தரட்டுமா என்றேன்.
தலையாட்டி மறுத்தார்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது.
கடிகாரம் பையில் இருந்தது,
எடுக்கவில்லை.
அவிழ்ந்த நூலைச் சுற்றிப்
பைக்குள் வைத்துக்கொண்டார்.
மிதியடியில் காலைத் துடைத்தார்,
இடது கால், பிறகு வலது,
உள்ளே போனார்.