தேக்கரண்டி பன்னிரண்டு

டோல்கேட் வருவதற்குள் இடப்பக்கம் திரும்பச் சொல்லியிருந்தார்கள்.
திரும்பினோம்.
அம்பத்தூரிலிருந்து இரண்டேகால் மணி நேரம்,
மடியில் குக்கர், காலடியில் அரிசிப் பை,
பக்கத்தில் வாந்தி எடுத்து ஓய்ந்த ருத்விக்.

எட்டுப் பேருக்குத்தான் அனுமதி.
நாங்கள் பதினொருவர்.
மூன்று பிள்ளைகளைப் பின்சீட்டில் குனியச் சொன்னாள்
அனுசுயா அண்ணி.
கேட்டைத் திறந்த தேசப்பன்
குனிந்த தலைகளையும் சேர்த்து எண்ணினார்.
ஒன்றும் சொல்லவில்லை.

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளை நீட்டினார்:
தலையணை பத்து.
சாப்பாட்டுத் தட்டு பன்னிரண்டு.
தேக்கரண்டி பன்னிரண்டு.
கொசு பேட் ஒன்று, சார்ஜ் நிற்காது.
கடல் எங்கே எழுதியிருக்கிறது என்று
விளையாட்டுக்குக் கேட்டேன்.
"அது கணக்குல வராதும்மா.
ஒடஞ்சாலும் நீ துட்டு தர வேணாம்."
கையெழுத்துப் போட்டேன்.

பின்கதவுக்கு வெளியே சவுக்கு இரைச்சல்.
அடப்பங்கொடி மணலெல்லாம் படர்ந்து
கடைசிப் படியில் ஒரு ஊதாப் பூவை வைத்திருந்தது.
ராவணன் மீசை குத்தி
அண்ணன் ஒற்றைக் காலில் ஆடினான்.
தென்னைக்குக் கீழே நிற்காதீர்கள் என்றது பலகை.
அந்தப் பலகைக்குக் கீழேதான் நிழல்.

இந்த ஊரில் பிறந்தவள்தான் நான்.
கடல் என்றால் எனக்கு
ஞாயிற்றுக்கிழமை, கூட்டம்,
கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு
"போதும் வா, பஸ் போயிடும்" என்னும் குரல்.
அன்றைக்குத்தான் முதல் தடவையாக
கடலைப் பார்த்தபடி வெங்காயம் நறுக்கினேன்.
கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குத் தேசப்பன் வந்தார்.
வெளி விளக்கை அணைக்க வேண்டும்.
மாசி மாசம், ஆமை ஏறும்,
வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும்.
ராத்திரிக்குப் பதினாலாயிரம், அதுவும் இருட்டுக்கா
என்று குதித்தான் அண்ணன்.
பிறகு அவனே போய் மெயினை இறக்கினான்.
ஃபிரிட்ஜில் பால் இருந்தது யாருக்கும் நினைவில்லை.

மாடியில் பாய் விரித்துக் கிடந்தோம்.
யார் கால் யார் மேல் என்று தெரியாத இருட்டு.
ஆறு வருஷமாய்க் கேட்காத கடனைப் பற்றி
அண்ணி என் கணவரிடம் கேட்டாள்,
சத்தமில்லாமல்.
அவரும் சொன்னார், பொய்யில்லாமல்.
பாதிக் கணக்கு அலையில் போயிற்று.
ஆமை வரும் வரும் என்று எல்லோரும் தூங்கிப்போனோம்.

காலையில்
டிராக்டர் ஏறி இறங்கியது போல் ஒரு தடம்.
இரண்டு கல்லூரிப் பிள்ளைகள்
கையாலேயே மணலைத் தோண்டி
முட்டைகளை எண்ணிப் பையில் அடுக்கினார்கள்,
குஞ்சு பொரிக்கும் வேலிக்குக் கொண்டுபோக.
நூற்றுப் பதினெட்டு.
"எட்டுப் பேருக்குத்தான் அனுமதி"
என்றார் தேசப்பன், எங்களைப் பார்க்காமல்.

பால் திரிந்திருந்தது. கடுங்காப்பி குடித்தோம்.
பதினொரு மணிக்குச் சாமான் சரிபார்ப்பு.
தலையணை சரி. தட்டு சரி.
தேக்கரண்டி பதினொன்று.
ருத்விக் அதை வைத்துத்தான் கிணறு வெட்டினானாம்.
எங்கே வெட்டினாய் என்றால்
மொத்தக் கரையையும் காட்டினான்.
அட்வான்சில் முப்பது ரூபாய் பிடித்தார்கள்.

நாற்பத்தெட்டு நாள் கழித்து, எஸ்டேட்டில்,
டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போன்.
"தேசப்பன் பேசறேன்மா.
குஞ்சு வந்துடுச்சு. தொண்ணூத்தி நாலு.
விடிகாலை விட்டாங்க, எல்லாம் நேரா போச்சு."
அப்புறம் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"அந்த ஸ்பூனும் கெடச்சுது.
நண்டு தோண்டி மேல போட்டிருக்கு.
முப்பது ரூவாய அனுப்பட்டா?"

வேண்டாம் என்றேன்.
மூன்று மெஷின் தள்ளி இருந்தவள்
எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டாள்.

சாயங்காலம் பணம் வந்திருந்தது.
குறிப்பு என்ற கட்டத்தில்
அவர் எழுதியது இவ்வளவுதான்:
சரி. 12.