முன், பின்

மானியப் படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில்
இரண்டு வெற்றுக் கட்டங்கள்:
முன். பின்.

பின் இருந்தது எங்களிடம்.
சோனாங்குப்பத்து உப்பனாற்றங்கரையை
மாசியிலேயே பொறுக்கி முடித்துவிட்டோம்.
சீட்டுப் பணத்தில் வாங்கிய கையுறை,
ஆளுக்கு ஒரு கைக்கு மட்டும்.
குப்பையைப் படமெடுத்து வைக்க
யாருக்கும் தோன்றவில்லை.

'முன் இல்லாமல் பின் செல்லாதும்மா'
என்றார் அலுவலகத்தில், கோபமில்லாமல்.

புதன்கிழமை
கொட்டகையில் தரம் பிரித்து வைத்ததையெல்லாம்
மூட்டை மூட்டையாகச் சுமந்துபோய்
பொறுக்கிய இடத்திலேயே கொட்டினோம்.
அறுந்த வலை, மீன்பெட்டித் தெர்மாகோல்,
கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்.
'ரொம்பச் சுத்தமா இருக்குடி'
விருத்தாம்பா சேற்றை அள்ளிப் பூசினாள்.
ரஹ்மத் பீவி குந்தி உட்கார்ந்து
நாலு கோணத்தில் எடுத்தாள்.
எங்கிருந்தோ ஒரு நாய் வந்து
நடுவில் படுத்துக்கொண்டது.

கச்சான் கிளம்பியது அப்போதுதான்.
முப்பது நாற்பது பாக்கெட் ஆற்றில்.
சேலையை இழுத்துச் செருகி
இடுப்பளவு நீரில் இறங்கினாள் அஞ்சலாட்சி,
ஏசிக்கொண்டே,
காற்றையா அலுவலகத்தையா தெரியவில்லை.

அறுபத்து நான்கு கிலோ போனது
எழுபத்தொன்றாகத் திரும்பி வந்தது,
ஈரமும் சேறுமாய்.
எந்த எண்ணை எழுதுவதென்று
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.
குப்பையை அழுத்திக் கட்டும் இயந்திரம்
மூன்று லட்சத்துப் பத்தாயிரம், வரி தனி.

அள்ளி முடித்த கையோடு
பின் படத்தையும் புதிதாக எடுத்தோம்.
கரை பளிச்சென்று இருக்கிறது.
நாய் மட்டும்
இரண்டிலும்
அதே இடத்தில்.