ஊறுகாய்ப் பீப்பாயில் ஒரு கெண்டை

டிசம்பர் இருபத்திரண்டில் வாங்கினேன், உயிரோடு.
எங்கள் ஊர் வழக்கம் அது:
கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்துக்கான கெண்டை
இரண்டு நாள் குளியல் தொட்டியில் நீந்தும்,
வீட்டார் அழுக்கோடு காத்திருப்பார்கள்.
மூன்றாம் நாள் சுத்தியலை எடுத்துக்கொண்டு
குளியலறைக்குப் போனேன்.
அது வாயைத் திறந்து மூடியது,
டிராமில் கடைசி நிறுத்தம்வரை தூங்கிவிட்ட பயணி
எங்கே இருக்கிறோம் என்று கேட்பதுபோல.
அன்றிரவு உருளைக்கிழங்கு சாப்பிட்டேன்.

போஸ்னானில் நான்காவது மாடி,
ஒன்றரை அறை, வடக்குப் பார்த்த ஒரே சன்னல்.
குளிக்காமல் எத்தனை நாள் வண்டி ஓட்டுவது?
சந்தையில் வெள்ளரி ஊறுகாய் விற்பவளிடம்
நீலப் பீப்பாய் ஒன்று கிடைத்தது.
குறுக்கே அறுத்தேன்.
கீழ்ப் பாதி மீனுக்கு, மேல் பாதி செடிக்கு,
நடுவே துணி அலமாரியின் பலகைகள்.
மூன்று முறை கழுவியும் பூண்டு வாசம் போகவில்லை.
கெண்டை ஒன்றும் சொல்லவில்லை.

களிமண் உருண்டைகள் நாற்பது லிட்டர்
படியேறித் தூக்கி வந்தேன், லிஃப்ட் பழுது.
சின்ன மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும்;
அது நிரம்பி, குழாயின் கழுத்துவரை வந்து,
தயங்கி,
பிறகு ஒரே மடக்காகக் கீழே இறங்கும்
பெருமூச்சும் ஏப்பமுமாய்,
இருபது நிமிடத்துக்கு ஒரு முறை.
அதைச் சரியாக அமைக்கப் பதினோரு இரவு பிடித்தது.
பன்னிரண்டாம் இரவு
கீழ்வீட்டு அன்சேல்ம் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை, அதாவது என் தரையை, இடித்தார்.
மன்னிப்புச் சீட்டில் என் எண்ணையும் எழுதி
அவர் கதவடியில் தள்ளினேன். பதில் இல்லை.

பிறகு காத்திருப்பு.
மீனின் கழிவு முதலில் நஞ்சாகும்.
கண்ணுக்குத் தெரியாத சிலது வந்து குடியேறி
அதைத் தின்று வேறொன்றாக்க வேண்டும்,
அந்த வேறொன்றை இன்னும் சிலது தின்ன வேண்டும்,
அதற்குப் பிறகுதான் வேருக்குச் சோறு.
அவை எங்கிருந்து வரும் என்று
எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை.
தினமும் சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், சில சொட்டு மருந்து:
பச்சை. கரும்பச்சை.
பாதித் தண்ணீரை மாற்று. மறுபடி பச்சை.
கெண்டை மேலே வந்து காற்றைக் கடித்தது.
சுத்தியலே கருணையாக இருந்திருக்குமோ
என்று ஒருநாள் தோன்றியது,
அதை எழுதாமல் விட முடியாது.
நாற்பத்து மூன்றாம் நாள் குழாயில் மஞ்சள்.
வேலை உடுப்போடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விளக்கின் ஊதா நிறம் சன்னலைத் தாண்டியது;
எதிர்க் கட்டிடத்தில் என்னைப் பற்றி
ஏதோ கதை ஓடியது. ஓடட்டும்.
லெட்யூஸ் முளைத்தது.
சதகுப்பை முளைத்தது, குழந்தையின் தலைமுடியாய்.
தண்ணீர் இறங்கும், அன்சேல்ம் இடிப்பார்.

மார்ச் கடைசி. கடைசி வண்டி. பணிமனை வாசல்.
கைபேசியில் தெரியாத எண்.
"உங்கள் சனியன் பிடித்த தண்ணீர்
இரண்டு மணி நேரமாக ஏன் பேசவில்லை?"

சாவி காவலாளியிடம் இருக்கிறது என்றேன்.
அதற்குள் வைத்துவிட்டார்.

நான் வந்தபோது கதவு திறந்து கிடந்தது.
கோட்டின் மேல் என் சமையல் ஏப்ரனைக் கட்டி,
சூப்புக் கரண்டியால் மொண்டு
தலை உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்,
தரையெல்லாம் ஈரம், கையெல்லாம் நடுக்கம்.
தண்ணீரில் காற்று கலக்க வேண்டும் என்று
அவருக்கு யார் சொன்னது? கேட்கவில்லை.
மோட்டார் வாயில் ஒரு வேர்,
வெள்ளை நூல், சதகுப்பையுடையது.
நகத்தால் இழுத்தேன்.

இருவரும் நின்று கேட்டோம்.
ஏறியது. கழுத்துவரை வந்தது. தயங்கியது.
ஏப்பம்.
அவர் கரண்டியைத் துடைத்து மாட்டினார்.
"பக்கத்தில் நின்று கேட்டாலும் அசிங்கம்தான்."
ஒரு பிடி லெட்யூஸ் கிள்ளிக் கொடுத்தேன்.
வாசலிலேயே தின்றார், கழுவாமல்,
முகம் சுளித்தார்: "பூண்டு."

இருபது நிமிடம் கழித்து
தரைக்கு அடியிலிருந்து கட்டை இடித்தது.
வழக்கத்தைவிட மெதுவாகவா என்றால்,
இல்லை.